எஸ்டர்ஹாசி: ஒரு குடும்பமும் ஒரு கோப்பும்

ஹங்கேரியின் பெரும் நிலப்பிரபுக் குடும்பங்களுள் முதன்மையானது எஸ்டர்ஹாசி குடும்பம். 1625இல் மிக்லோஷ் எஸ்டர்ஹாசி மன்னருக்கு அடுத்த உயர்பதவியை ஏற்றார். அவருடைய மகன் பால் 1687இல் இளவரசர் பட்டம் பெற்றார். 55 பக்திப் பாடல்களைக் கொண்ட 'ஹார்மோனியா செலஸ்டிஸ்' என்ற இசைத் தொகுதி 1711இல் அவர் பெயரில் வெளிவந்தது. இத்தலைப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இசைமேதை ஹைடன் 1761இல் இக்குடும்பத்தின் சேவையில் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். பணியாளருக்குரிய சீருடையை அவரும் அணிய வேண்டியிருந்தது. மாளிகைகளையும் இசையையும் தாங்கி நின்றது பண்ணையடிமைகளின் உழைப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. 1917இல் சில வாரங்கள் பிரதமராக இருந்தவர் மோரிஸ் எஸ்டர்ஹாசி. 1942இல் ஸ்லோவாக்கியப் பாராளுமன்றத்தில் யூதர்களை நாடு கடத்தும் சட்டத்தை ஆதரிக்க மறுத்தவர் யானோஷ் எஸ்டர்ஹாசி. அவர் 1957இல் சிறையிலேயே மாண்டார். 1945இன் நிலச்சீர்திருத்தம் ஹங்கேரியில் இருந்த நிலங்களைப் பறித்தது. மோரிஸின் மகன் மாத்யாஷ் 1951இல் குடும்பத்தோடு கிராமமொன்றுக்கு வெளியேற்றப்பட்டுக் கூலியாளானார்.

மாத்யாஷின் மகனே எழுத்தாளர் பீட்டர் எஸ்டர்ஹாசி (1950-2016). குலத்தின் கதையையும் தந்தையின் உருவத்தையும் நாவலாக்கி, மூதாதையின் இசைத் தொகுதியின் தலைப்பையே அதற்குச் சூட்டினார். நாவல் 2000இல் வெளிவந்தது. ஆனால் அவ்வாண்டு ஜனவரியில், எழுதி முடித்திருந்த வேளையில், பழைய ஆட்சியின் உளவுத்துறைக் கோப்புகள் அவர் கைக்கு வந்தன. அவற்றிலிருந்தது தந்தையின் கையெழுத்து. 1957 முதல் 1980 வரை தந்தை இரகசியப் பொலிசாருக்குத் தகவல் கொடுத்து வந்திருந்தார்.

பீட்டர் மறைக்கவில்லை. 2002இல் 'திருத்திய பதிப்பு' என்ற நூலை வெளியிட்டார். தந்தை எழுதிய அறிக்கைகளை அதில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டு, படிக்கையில் தாம் அழுத இடங்களையும் குறித்தார்.

பிறருடைய கோப்புகளைத் தேடித் திரிவது எம்போன்ற பத்திரிகையாளரின் தொழில். தம் வீட்டுக் கோப்பைத் தாமே திறந்து காட்டுபவர்கள் அரியர். வறுமையும் அச்சமும் அத்தந்தையை வளைத்திருக்கலாம். அது விளக்கமாகலாம், நியாயமாகாது. மன்னிப்பது காட்டிக்கொடுக்கப்பட்டவர்களின் உரிமை. மகனுக்கு எஞ்சியிருந்தது உண்மையைச் சொல்லும் கடமை ஒன்றே. அதை அவர் செய்தார். அக்குடும்பத்தின் பெருமைகளுள் இதனையும் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.