மேடையும் வட்டமும்: பணியிடப் பாதுகாப்பு மாநாட்டின் இரு வகைக் கல்வி அமர்வுகள்

பணியிடப் பாதுகாப்பு மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால், கல்வி அமர்வுகள் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிவதைப் பார்க்கலாம். ஒன்றில் மேடை, மைக், திரை இருக்கும். மருத்துவரோ பொறியாளரோ முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசி ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு. மற்றொன்றில் ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாங்கள் வேலை பார்க்கும் இடத்தைத் தாளில் வரைவார்கள். எங்கே ஆபத்து என்று குறிப்பார்கள், எதை மாற்றலாம் என்று பேசி முடிவெடுப்பார்கள். முன்னதை மேடை அமர்வு என்றும் பின்னதை வட்ட அமர்வு என்றும் இங்கே அழைக்கிறேன்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. பாதுகாப்பான, நலமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 1955இல் ரோமில் தொடங்கிய உலகப் பாதுகாப்பு மாநாடு, 2023இல் சிட்னியில் 23ஆவது முறையாகக் கூடியது. இந்தியாவில் 1966 மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு மன்றம் அமைந்தது முதல், ஆண்டுதோறும் எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. இத்தனை அமர்வுகளும் ஆலைக்குள் நிற்கும் மனிதருக்கு எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதே இந்த ஒப்பீட்டின் கேள்வி.

மேடை செய்த சாதனை

மேடை அமர்வைக் குறைத்துப் பேசுவது இன்று எளிது. ஆனால் தொழில்நோய்களின் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 1964 அக்டோபரில், ஆஸ்பெஸ்டாஸ் உடலை என்ன செய்கிறது என்பதைப் பேசுவதற்காகவே நியூயார்க் அறிவியல் கழகம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதன் நடுநாயகமாக இருந்தவர் மருத்துவர் இர்விங் செலிகாஃப். தன் ஆய்வொன்றில் அவர் எடுத்துக்கொண்டது ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களை அல்ல. கட்டடங்களில் குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை போட்டவர்களை ஆராய்ந்தார். 1943க்கு முன் அந்தத் தொழிலில் சேர்ந்த 632 பேரை 1962 வரை பின்தொடர்ந்ததில், நுரையீரல் அல்லது நுரையீரல் உறைப் புற்றுநோயால் 45 பேர் இறந்திருந்தார்கள். பொது மக்களின் இறப்பு விகிதப்படி பார்த்தால் அந்த எண்ணிக்கை 7ஐக்கூடத் தொட்டிருக்கக் கூடாது.

இப்படி ஓர் உண்மையை எந்தத் தொழிலாளியும் தன் அனுபவத்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் நடுவே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் எங்கோ ஒரு மருத்துவமனையில், வேறொரு காரணம் எழுதப்பட்டு இறந்துபோகிறார். சிதறிக் கிடக்கும் இறப்புகளைத் திரட்டி, எண்ணி, ஒப்பிட்டுச் சொல்லும் வேலைக்கு அறிவியல் வேண்டும். அதை உலகறியச் சொல்ல மேடை வேண்டும்.

ஆனால் இதே கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 632 பேரின் பெயர்கள் செலிகாஃபுக்குக் கிடைத்தது அவர்களுடைய தொழிற்சங்கத்தின் பதிவேட்டிலிருந்து. யார் எப்போது சேர்ந்தார், எப்போது இறந்தார் என்பதைச் சங்கம் எழுதி வைத்திருந்தது. மேடையில் முழங்கிய அறிவின் மூலப்பொருள் தொழிலாளர்களின் கையிலிருந்துதான் வந்தது.

வட்டம் பிறந்த இடம்

வட்ட அமர்வின் வேர்களில் முக்கியமான ஒன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. 1960களில் அங்கே கார் ஆலைத் தொழிலாளர்களோடும் சங்கங்களோடும் சேர்ந்து உழைத்த மருத்துவர் இவார் ஒட்டோனே, அதுவரை இருந்த நடைமுறையைத் தலைகீழாக்கினார். மருத்துவர் சொல்ல, தொழிலாளி கேட்பது என்பது போய், தொழிலாளர்கள் முதலில் பேசினார்கள். ஒரே இடத்தில் ஒரே வகை வேலை செய்து, ஒரே ஆபத்துக்கு ஆளாகும் சிலர் ஒரு குழுவாகக் கூடினார்கள். வெளிச்சம், சத்தம், வெக்கை போல வீட்டிலும் இருக்கக்கூடியவை; தூசி, வாயு, புகை போல ஆலைக்கே உரியவை; உடல் உழைப்பால் வரும் சோர்வு; வேகம், சலிப்பு, பதற்றம் போல மனத்தை அழுத்துபவை என்று ஆபத்துகளை நான்காகப் பிரித்து, ஆலையின் வரைபடத்தில் குறித்தார்கள். குழு முழுவதும் ஒப்புக்கொண்டதே அவர்களுக்குச் சான்று. நிபுணர் அதற்குப் பிறகு அளவுகருவியோடு வந்தார்.

இதோடு ஒட்டிப் பிறந்தது ஒரு முழக்கம்: உடல்நலம் விற்பனைக்கு இல்லை. ஆபத்தான வேலைக்குக் கூடுதல் கூலி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தை அந்தச் சங்கங்கள் மறுத்தன. விபத்துத் தடுப்பு விதிகள் நிறைவேறுகின்றனவா என்று தங்கள் பிரதிநிதிகள் வழியாகச் சரிபார்க்கும் உரிமையை 1970ஆம் ஆண்டின் இத்தாலியத் தொழிலாளர் சட்டம் 9ஆம் பிரிவில் தந்தது. வட்டத்தில் உட்கார்ந்து பேசியவர்களின் குரல் சட்டப் புத்தகம் வரை போனது.

எந்த ஆபத்துக்கு எது

இரண்டும் இரண்டு வகை அறிவைச் சுமக்கின்றன. ஓர் உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தையல் பிரிவை எடுத்துக்கொள்வோம். மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்த பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, வலி இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு பொட்டு வைக்கச் சொல்லலாம். ஓவர்லாக் மெஷினில் உட்காருபவர்களின் பொட்டுகள் கழுத்திலும் இடுப்பிலும் குவிந்தால், செக்கிங்கில் நிற்பவர்களின் பொட்டுகள் கால்களில் இறங்கினால், யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தனக்கு மட்டும்தான் இடுப்பு வலி, வயதாகிவிட்டது என்று எண்ணியிருந்த பெண், தன் வரிசை முழுவதும் அதே இடத்தில் பொட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறார். வலியின் காரணம் தன் உடம்பில் இல்லை, ஸ்டூலின் உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்குப் புலப்படுகிறது. வெளியிலிருந்து வரும் எந்தப் பேச்சாளருக்கும் இந்த விவரம் முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது சாக்கடைக் குழியை எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால், சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய்விடும். ஆக, நாற்றம் நின்றது என்பதற்கு வாயு போய்விட்டது என்று பொருள் கொள்ள முடியாது. அது கூடியிருக்கவும் கூடும். பல ஆண்டுகள் பழகியவரின் மூக்கே இங்கே அவரை ஏமாற்றுகிறது. இந்த இடத்தில் அனுபவம் போதாது. இதைத் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதது, மெதுவாகக் கொல்வது, புலன்களை ஏமாற்றுவது ஆகியவற்றுக்கு மேடை தேவை. வேலையின் அமைப்பிலேயே இருக்கும் வலிக்கும் காயத்துக்கும் வட்டம் தேவை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது.

மனத்தில் நிற்பது

அறிவைச் சொல்வது ஒன்று, அது கையில் இறங்குவது வேறொன்று. மைக்கேல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1971 முதல் 2003 வரையிலான 95 ஆய்வுகளைத் திரட்டி, 2006இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 21,000 பேரைப் பற்றிய தரவுகள் அதில் இருந்தன. சொற்பொழிவு, வீடியோ, துண்டறிக்கை போன்றவற்றை ஒரு முனையிலும், செய்து பழகி உரையாடிக் கற்கும் முறைகளை மறுமுனையிலும் வைத்துப் பார்த்தார்கள். அறிவையும் திறனையும் வளர்ப்பதில் பின்னவை சுமார் மூன்று மடங்கு பயன் தந்தன. 2011இல் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. ஆபத்து சிறிதாக இருக்கும்போது இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் பெரிதில்லை; உயிருக்கே உலை வைக்கும் ஆபத்துகளில்தான் செய்து பழகும் முறை தனித்து உயர்கிறது.

சாக்கடைக் குழிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. உடன் வேலை செய்பவர் மயங்கி விழுவதைப் பார்த்ததும் பாய்ந்து இறங்குவது மனித இயல்பு. அந்த நொடியில் ஸ்லைடில் படித்த வாசகம் நினைவுக்கு வராது. மாதிரித் தொட்டி ஒன்றை வைத்து, ஆளை இறக்கும் முன் வாயு அளக்கும் மீட்டரை இறக்கப் பழக வேண்டும். முதலில் ஆக்சிஜன், பிறகு எரியக்கூடிய வாயு, பிறகு நச்சு வாயு என்ற வரிசையில், மேலேயும் நடுவிலும் அடியிலும் அளக்க வேண்டும். வெளியே காவல் நிற்பவர் எது நடந்தாலும் உள்ளே இறங்காமல், முக்காலியில் மாட்டிய வின்ச்சைச் சுற்றித் தூக்கப் பழக வேண்டும். பலமுறை பழகிய கைதான் அந்தக் கணத்தில் சரியாக இயங்கும்.

மாற்றம் எங்கே நடக்கிறது

இரண்டு வகை அமர்வுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. லின்டா ராப்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி தொழிலாளரின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று கண்டது. காயமும் நோயும் அதனாலேயே குறைகின்றன என்பதற்குப் போதிய சான்று அதற்குக் கிடைக்கவில்லை. இதில் வியப்பில்லை. ஆபத்தை அடியோடு நீக்குவது, குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறுவது, இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவது, வேலை முறையை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கையுறையும் முகக்கவசமும் தருவது என்ற படிவரிசை பாதுகாப்புத் துறையின் பாலபாடம். கவனமாக இரு என்று மட்டும் சொல்லி அனுப்பும் அமர்வு, அது மேடையானாலும் வட்டமானாலும், அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுகிறது. மெஷினுக்குத் தடுப்பு போடாத குற்றம், கையை உள்ளே விட்டவர் மீது விழுகிறது.

இதிலிருந்து மேலேற ஒரு வழியைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சிறுதொழில் பயிற்சித் திட்டம் காட்டியது. ஜப்பானிய வல்லுநர் கசுதாகா கோகியின் பங்களிப்போடு 1980களில் உருவான அந்த முறை, பிறகு வியட்நாமின் கான் தோ பகுதியில் நெல் விவசாயிகளுக்கும் ஏற்றபடி வளர்க்கப்பட்டது. இந்த முறையில் பயிற்சியின் முதல் வேலை உரை கேட்பது அல்ல. கையில் ஒரு பட்டியலோடு ஒரு பட்டறையைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வி: நடவடிக்கை வேண்டுமா? வேண்டாம், வேண்டும், முன்னுரிமை என்று மூன்று கட்டங்கள். குறைகளைத் தேடிப் பழி சொல்வதற்குப் பதிலாக, அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் ஏற்கெனவே செய்து பலன் கண்ட மலிவான மாற்றங்களைப் படமாகக் காட்டுவார்கள்: சக்கரம் வைத்த தள்ளுவண்டி, கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி, ஜன்னலோரம் நகர்த்திய மேசை. செலவைத் தீர்மானிக்கும் முதலாளியும் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்திருப்பார். முடிவெடுப்பவர் கூடவே இருப்பதால் பேச்சு செயலாகிறது.

யார் உள்ளே, யார் வெளியே

நம் ஊர் மாநாட்டு அரங்குகளில் பெரும்பாலும் நிறைந்திருப்பவர்கள் பாதுகாப்பு அலுவலர்கள், மேலாளர்கள், ஆலோசகர்கள், கருவி விற்கும் நிறுவனத்தார். அவர்கள் வர வேண்டியவர்களே. ஆனால் மெஷினுக்கு முன் நிற்பவரை, சாரத்தில் ஏறுபவரை, கான்ட்ராக்ட் ஆளாகக் குழியருகே நிற்பவரை அங்கே பார்ப்பது அரிது. பதிவுக் கட்டணம் ஒரு தடை. ஒரு நாள் கூலி போவது அதைவிடப் பெரிய தடை. தொழிலாளி இல்லாத அறையில் வட்ட அமர்வு நடத்தினால், அலுவலர்கள் தொழிலாளரைப் போல நடித்துப் பழகுவதோடு அது முடிந்துவிடும்.

சட்டம் இவ்வளவு குறுகலாகச் சிந்திக்கவில்லை. 1984 போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு மூன்று உரிமைகளைத் தொழிலாளிக்குத் தந்தது. வேலையிடத்து உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறலாம் என்றது. ஆலைக்குள் பயிற்சி பெறலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துக்கு நிர்வாகமே அனுப்பிவைக்கக் கோரலாம் என்றது. குறையிருந்தால் ஆய்வாளரிடம் நேரடியாகவோ பிரதிநிதி மூலமோ முறையிடலாம் என்றும் சொன்னது. கற்பதைத் தொழிலாளியின் உரிமையாக நம் சட்டமே ஏற்று இத்தனை காலம் ஆகியும், மாநாட்டு அழைப்பிதழ்களில் அது இன்னும் ஏறவில்லை.

முடிவாக

மேடையா வட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்தக் கேள்வியே தவறு என்பேன். வரிசைதான் மாற வேண்டும். காலையில் தொழிலாளர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் ஆபத்துகளை வரையட்டும். அந்தத் தாள்களிலிருந்து எழும் கேள்விகளுக்கு மருத்துவரும் பொறியாளரும் நண்பகலில் மேடையேறிப் பதில் சொல்லட்டும். மாலையில் நிர்வாகத்தார் எதை, எந்தத் தேதிக்குள் மாற்றுவோம் என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த ஆண்டு மாநாடு, போன ஆண்டு எழுதிக் கொடுத்தவற்றில் எவை நிறைவேறின என்ற கணக்கோடு தொடங்கட்டும்.

இதற்கு முதல் தேவை, மாநாட்டுக்கு வரும் தொழிலாளிக்கு அந்த நாளின் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கொடுத்து அழைப்பது. பரிசுக் கேடயங்களுக்கும் விருந்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். தன் உடம்பைப் பணயம் வைத்து வேலை செய்பவருக்கு, அந்த உடம்பைப் பற்றிப் பேசும் அறையில் ஒரு நாற்காலி கட்டாயம் இருக்க வேண்டும்.