சுரங்கத்திலிருந்து சில்லுக்கு: வானியல் நிறமாலைமானியின் வரலாறு

நிறமாலைமானி என்பது ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஒரு விண்மீனில் உள்ள தனிமங்கள் எவை, அது நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பவற்றை நிறமாலையில் தோன்றும் கோடுகளிலிருந்து அறியலாம்.

1909 சனவரியில் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்செட், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் உட்பகுதியிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதே அதற்குக் காரணம். இது ‘எவர்செட் விளைவு’ எனப்படுகிறது. கோடுகளை இன்னும் நுணுக்கமாக ஆராய, 1960 வாக்கில் அங்கே சுரங்கத் தொலைநோக்கி அமைந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்திலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்பும். அதன் நிறமாலைமானி மட்டுமே 18 மீட்டர் நீளமானது.

விண்மீன் ஆய்வுக்கான பெரிய கருவி காவலூரில் வந்தது. கொல்லிமலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில் இவ்வூர் உள்ளது. 1986இல் இங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. பின்னாளில் இதன் ஒளியைக் கண்ணாடி ஒளியிழை வழியே தனி அறையிலுள்ள நிறமாலைமானிக்குக் கொண்டுசென்றனர்.

தொலைநோக்கி பெரிதானால் நிறமாலைமானியும் பெரிதாக வேண்டும். காற்றின் அலைவால் விண்மீனின் பிம்பம் பரவிவிடுகிறது. பெரிய தொலைநோக்கியில் அந்தப் பிம்பமும் பெரிது. அதே நுணுக்கத்துடன் நிறங்களைப் பிரிக்கப் பெரிய ஆடிகளும் கீற்றணிகளும் தேவை. எடையும் செலவும் கூடுகின்றன.

இதற்கு மாற்று தொலைத்தொடர்புத் துறையிலிருந்து கிடைத்தது. ஒரே இழையில் செல்லும் பல அலைநீளங்களைப் பிரிக்கப் பயன்படும் சில்லு அது. சில்லில் நுழையும் ஒளி பல நுண்வழிகளில் பிரிகிறது. ஒவ்வொரு வழியும் அடுத்ததைவிடச் சிறிது நீளம். வெளியேறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனி இடத்தில் குவிகிறது. ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் இது சோதிக்கப்பட்டது. வளிமண்டல ஒளிர்வின் கோடுகளைப் பதிவுசெய்த ஆய்வு 2009இலும், விண்மீன் ஒளியைப் பதிவுசெய்த ஆய்வு 2012இலும் வெளியாயின.

ஆனால் பரவிய பிம்பத்தின் ஒளி மெல்லிய ஒற்றை வழியில் முழுவதும் நுழைவதில்லை. ‘ஒளியணு விளக்கு’ என்னும் இணைப்பு அதைப் பல ஒற்றை வழிகளாகப் பிரித்துத் தருகிறது. தொலைநோக்கி பெரிதாக ஆக இவ்வழிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. எனவே சில்லு சிறியதாயினும் பல சில்லுகளோ பல உள்வழிகளோ தேவைப்படும். தகவமைவு ஒளியியலால் பிம்பத்தை முதலில் சுருக்கினால் இந்தத் தேவை குறையும். சிறு கருவியின் முழுப் பயனும் அப்போதுதான் கிட்டும்.