கூழ் சுலபமான காலத்துல கூழை விட்ட கதை

சமைக்கப் பிடிக்காதவங்க உடம்புக்குக் கெடுதல் இல்லாம என்ன சாப்பிடலாம்? இந்தக் கேள்வியை இப்ப நிறைய பேர் கேக்கறாங்க. என் பெரிய பையன் ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கி வேலை பாக்கறான், அவனுக்கும் இதே கேள்விதான். ஒரு நாள் ஓட்ஸ், ஒரு நாள் பரோட்டா, ஒரு நாள் ஒண்ணும் இல்ல. இந்தக் கேள்விக்கு எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எப்பவோ விடை சொல்லிட்டாங்க. அது களியும் கூழும். அந்த விடை எப்படி வந்துச்சு, நம்ம கையை விட்டு எப்படிப் போச்சுங்கறதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

புத்தகத்துல கேழ்வரகு. எங்க ஊர்ல ராகி. வேலூர் பக்கம் போனா கேவுரு, தெற்கே கேப்பை, கோயம்புத்தூர் பக்கம் ஆரியம். பேர் இத்தனை இருந்தாலும் இது நம்ம மண்ணுல பிறந்த தானியம் இல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவோட மலைநாட்டுல பயிராக்கி, கடல் தாண்டி வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. கம்பும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான். சாமையும் வரகும்தான் நம்ம நாட்டுச் சரக்கு. கூழுக்குக் கடிச்சுக்கிற பச்சை மிளகாய் இருக்கே, அது போர்த்துகீசியர் கப்பல்ல வந்தது, ஐந்நூறு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி நம்ம பாட்டன் கூழுக்கு எதைக் கடிச்சிருப்பான்னு நான் அடிக்கடி யோசிப்பேன். வெங்காயமா இருக்கும்.

எங்க பகுதிக்கு அப்ப பாராமகால்னு பேரு. 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து கம்பெனிக்காரன் கைக்கு வந்தது. அதுக்கப்புறம் 1800, 1801-ல பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் மைசூர்ச் சீமையில ஊர் ஊராப் போய் விவசாயத்தை எழுதி வெச்சார். அந்தச் சீமையில சாதாரண ஜனங்களோட முக்கியமான சாப்பாடு ராகின்னு அவர் குறிப்பு சொல்லுது. எங்க ஊருக்கும் மைசூருக்கும் மண்ணு ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான். ஏரியும் கிணறும் இருந்த இடத்துல மட்டும் நெல்லு, மத்த எல்லாம் மானாவாரி. ராகியில இன்னொரு வசதி, குழியில கொட்டி மூடி வெச்சா வருஷக்கணக்கா வண்டு விழாது.

அப்ப ஒரு வீட்ல ஒரு நாள் எப்படிப் போகும்னு பாருங்க. எங்க அம்மா காலையில களை எடுக்கப் போனா, சாயந்தரம் மாட்டுக்குப் புல்லோடதான் வீடு திரும்புவாங்க. அடுப்பு மூட்டறது பொழுது சாஞ்ச பின்னாடி ஒரே தடவை. பானையில தண்ணி கொதிக்கும்போது ஒரு கை நொய்யைப் போடுவாங்க. அது வெந்ததும் மேல ராகி மாவைக் குவிச்சு, நடுவுல துடுப்பால ஒரு குழி போட்டு மூடி வெச்சுட்டு அந்த நேரத்துல கீரையைக் கடைஞ்சுடுவாங்க. அப்புறம் பானையைக் காலால அணைச்சுப் பிடிச்சு, துடுப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே கிண்டு. உருண்டை பிடிச்சு சுடச்சுட ராத்திரிச் சாப்பாடு. மிச்ச உருண்டையைத் தண்ணியில போட்டு வெச்சா, காலையில மோர் விட்டு உப்புப் போட்டுக் கரைச்சா கூழு. அதையே தூக்குல ஊத்தி எடுத்துட்டுப் போனா மத்தியானத்துக்கும் ஆச்சு.

ஒரு தடவை அடுப்பு, மூணு வேளை சாப்பாடு. விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். சமையல்ல ஆசை இருக்கிறவங்க யோசிச்சு உண்டாக்கின சாப்பாடு இல்லைங்க இது. அடுப்புகிட்ட நிக்க நேரமே இல்லாத பொம்பளைங்க உண்டாக்கினது.

ஆனா இதுல ஒரு விஷயத்தை மறைச்சுட்டுப் பெருமை பேசறது எனக்குப் பிடிக்காது. கிண்டறது சுலபம். மாவு வர்றதுக்கு முன்னாடி இருந்த வேலை சுலபமே இல்ல. ராகியைக் கல்லுத் திருகையில விடியக்காலை கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி அரைக்கணும். ராகியாவது பரவாயில்ல, அப்படியே அரைச்சுடலாம். கம்புன்னா தண்ணி தெளிச்சு உரல்ல போட்டு இடிச்சு, முறத்துல புடைச்சுத் தவிட்டைத் தள்ளி, மறுபடியும் இடிக்கணும். சாமை, வரகுக்கு உமி விடவே விடாது. எங்க பாட்டி உள்ளங்கையில இருந்த காப்பு, சாகிற வரைக்கும் மறையல. சிறுதானியம் சாப்பிட்டவங்க நூறு வருஷம் வாழ்ந்தாங்கன்னு வாட்ஸ்அப்ல அனுப்பறவங்க அந்தக் கையைப் பாத்திருக்க மாட்டாங்க.

நூறு வருஷக் கணக்கும் நம்பற மாதிரி இல்ல. 1876 முதல் 1878 வரைக்கும் இருந்த தாது வருஷப் பஞ்சத்துல, நாங்க சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லா ரொம்ப அடிபட்டது. மழை சுத்தமா இல்லைன்னா ராகியும் முளைக்காது.

அப்புறம் கரண்ட் வந்தது, ஊருக்கு ஊர் மாவு மில்லு வந்தது. நாங்க மூணு கிலோமீட்டர் தலையில மூட்டையோட நடந்து போவோம். பாதி நாள் இடுப்பொடிய அரைச்ச மாவு, பத்து நிமிஷத்துல சூடா பையில விழும். உமி நீக்கற மெஷினும் பின்னாடியே வந்தது. அதாவது, இந்தச் சாப்பாட்டுல இருந்த ஒரே கஷ்டமும் தீர்ந்து போச்சு. இனிமேதான் இது நெசமாவே சோம்பேறிங்க கூட சாப்பிடக்கூடிய சாப்பாடு. அந்த நேரம் பாத்துத்தான் நாம இதை விட்டோம்!

ஏன்னு கேட்டா, அதே வருஷங்கள்லதான் அரிசி வந்தது. அறுபதுகள்ல தஞ்சாவூர் பக்கம் ஏ.டி.டி. 27, அப்புறம் ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20-ன்னு குட்டை ரக நெல்லு. ரூபாய்க்கு மூணு படி அரிசி தர்றது லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொல்லி 1967-ல அண்ணாதுரை ஆட்சிக்கு வந்தார். அரிசின்னா இங்க அரசியல். 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் ஆரம்பிச்சப்ப நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன், என் தங்கச்சி மூணாவது. தினமும் மத்தியானம் சுடுசோறு சாம்பார் சாப்பிட்டுட்டு வந்து, வீட்டுக் களியைத் தொடவே மாட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? பசியோட பள்ளிக்கூடம் போன பிள்ளைங்களுக்கு அந்தச் சோறு உசுரு. 2008 செப்டம்பர்ல கிலோ ஒரு ரூபா, 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். சும்மா கிடைக்கிற அரிசிகிட்ட ராகி எப்படி ஜெயிக்கும்?

விலை மட்டும் காரணம் இல்ல, வெக்கமும் இருந்தது. எங்க பக்கம் அரிசிச் சோத்துக்கு ‘நெல்லுச்சோறு’ன்னு தனிப் பேரு. தீபாவளி, பொங்கல், விருந்தாளி, காய்ச்சல், இதுக்குத்தான் நெல்லுச்சோறு. விருந்தாளி திடீர்னு வந்தா களிப்பானையை உள்ளே தள்ளி வெப்பாங்க. கூலிக்காரன் சாப்பாடு, ஏழை சாப்பாடு, கீழ்ச்சாதி சாப்பாடுன்னு முத்திரை. ‘உன்னைக் களி திங்க வெக்கறேன் பாரு’ன்னா ஜெயிலுக்கு அனுப்பறேன்னு அர்த்தம். ஆடி மாசம் அம்மன் கோயில்ல கொப்பரை கொப்பரையா கூழு ஊத்தும்போது மட்டும் எல்லாரும் சொம்பு எடுத்துட்டு வரிசையில நின்னாங்க. சாமி குடிச்சா பிரசாதம், நாம வீட்ல குடிச்சா கேவலம்.

அந்த இடத்துக்கு வந்தது இட்லி, தோசை. எங்க வீட்ல இட்லி வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதான். 1955 வாக்குல கோயம்புத்தூர்ல வெட் கிரைண்டர் செஞ்சாங்க, 2011-ல இருந்து அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்துச்சு. இப்ப தினமும் இட்லிதான். இதுல வேலை குறைஞ்சுதான்னு என் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். ஊற வெக்கணும், ஆட்டணும், கிரைண்டரைக் கழுவணும், ஊத்தணும், சட்னி, சாம்பார், ராத்திரிக்கு வேற. “அத்தைக்கு ஒரு வேளை அடுப்பு, எனக்கு மூணு வேளை அடுப்பு”ன்னு சொன்னா. எனக்குப் பதில் வரல.

சத்துக் கணக்கு ஒண்ணு சொல்றேன். நூறு கிராம் ராகியில கால்சியம் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தீட்டின அரிசியில பத்து மில்லிகிராம் அளவுதான். நார்ச்சத்தும் ராகியிலதான் அதிகம். ஆனா ராகி சாப்பிட்டா சர்க்கரை நோய் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தண்ணியாக் கரைச்சு சொம்பு சொம்பா குடிச்சா ராகியிலயும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை இருக்கிறவங்க அளவா சாப்பிடணும், கூட கீரையோ கொள்ளோ இருக்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இப்ப ரூம்ல தனியா இருக்கிற பிள்ளைங்களுக்கு, என் பையனுக்குச் சொன்னதையே சொல்றேன். ராத்திரி அரை டம்ளர் ராகி மாவை ஒரு டம்ளர் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சு மூடி வெச்சுடுங்க. அடுத்த நாள் சாயந்தரம் அது லேசாப் புளிச்சிருக்கும். மூணு டம்ளர் தண்ணி கொதிக்க வெச்சு ஒரு பிடி நொய் போட்டு, அது குழைய வெந்ததும் புளிச்ச மாவை ஊத்திக் கிளறிக்கிட்டே இருங்க. சிறுதீயில பத்து நிமிஷம். ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறினதும் மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடி வெச்சா ரெண்டு நாளைக்குத் தாங்கும், கோடையில ஒண்ணரை நாள்னு வெச்சுக்கங்க. காலையில ரெண்டு கரண்டி எடுத்து மோர், உப்பு விட்டுக் கையால கரைச்சுக் குடிச்சா முடிஞ்சுது. தொட்டுக்க சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்கா, கருவாடு, எது இருக்கோ அது. வறுத்த வேர்க்கடலை ஒரு கை சேத்துக்கிட்டா மத்தியானம் வரைக்கும் பசிக்காது. கழுவறதுக்கு ஒரு பாத்திரம், ஒரு கரண்டி.

மாவு பாக்கெட்டா வாங்காதீங்க, முடிஞ்சா ராகியா வாங்கி மில்லுல அரைச்சுக்கங்க. கல் பாத்து, கழுவிக் காய வெச்சு அரைச்சா வாசனையே வேற.

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினாங்க. அந்த வருஷம் மே மாசம் நீலகிரியிலயும் எங்க தர்மபுரியிலயும் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா கார்டுக்கு ரெண்டு கிலோ ராகி தர ஆரம்பிச்சாங்க. 2023-24-க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபா. நல்லதுதான். ஆனா எங்க ஊர்ல ரேஷன் ராகி வாங்கின சில பேர் அதை மாட்டுக்கு வெச்சதை நானே பாத்தேன். ராகி விளைஞ்ச காட்டுல பாதி இப்ப மாந்தோப்பு, மீதி மரவள்ளி, தக்காளி. திங்கறதுக்கு ஆள் இல்லாம எவன் விதைப்பான்?

நான் ஆடிப் பட்டத்துல முக்கால் ஏக்கர் போடறேன். வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை விக்கறேன். பையன் போன மாசம் வந்தப்ப அஞ்சு கிலோ மாவு கேட்டு வாங்கிட்டுப் போனான். ரூம்ல இருக்கிற பசங்க ரெண்டு பேரும் கேக்கறாங்களாம், அடுத்த தடவை பத்து கிலோவா அரைச்சு வெக்கச் சொல்லியிருக்கான்.