ஜெல் பேனா: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு

வங்கிக் கவுன்டரில் நூல் கட்டித் தொங்கும் பேனாவைப் பற்றி எல்லோரும் ஜோக் அடித்தாகிவிட்டது. ஆனால் அந்தப் பேனாவில் என்ன மை இருக்கிறது என்று இத்தனை வருட சர்வீஸில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அந்த மையில்தான் லட்ச ரூபாய் செக்கை நிரப்பிக் கையெழுத்தும் போடுகிறோம். பேனா காணாமல் போனால் வங்கிக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். மை காணாமல் போனால் நஷ்டம் யாருக்கு? அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

ஊற்றுப் பேனா வருவதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் பத்திரங்களும் பதிவேடுகளும் ஒரே வகை மையில்தான் எழுதப்பட்டன. சரக்கு இரண்டுதான்: மாசிக்காய், அன்னபேதி. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால், எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் பட்டதும் கறுத்து, காகித இழைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலும் போகாது. எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று பிறகு அதில் நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாக எழுதிக் கறுப்பாக மாறும் அந்த மைதான் 'ப்ளூ பிளாக்'. அந்தப் பெயருக்கு இதுதான் காரணம். பின்னால் அதே பெயரில் வெறும் சாய மையும் விற்றார்கள் என்பது வேறு விஷயம். இரும்பு மைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அமிலம் அதிகமானால் காலப்போக்கில் காகிதத்தையே அரித்துவிடும்.

சுதேசி இயக்கம் பேனாவையும் விடவில்லை. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1930களில் உள்நாட்டுப் பேனா செய்து காந்திக்கு அனுப்ப, 1935இல் அவரிடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934இல் ராஜ்ஷாஹியில் 'சுலேகா' மை தயாரிக்கத் தொடங்கினார்கள். நான் இப்போது வேலை பார்க்கும் கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பக்கம் ஒரு நாற்சந்திக்கே 'சுலேகா மோர்' என்றுதான் பெயர். பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவும்போது, அது ஒரு மை பாட்டிலின் பெயர் என்று எத்தனை பேருக்கு நினைவு வரும்? அந்தத் தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடி, 2006இல் திரும்பத் திறந்தது.

இடையில் வந்தது பால் பாயின்ட். பத்திரிகை வேலையில் இருந்த ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ, அச்சு மை சட்டென்று காய்வதைக் கவனித்தார். அந்தக் கெட்டி மை பேனா நிப்பில் இறங்காது. அதனால் முனையில் ஒரு குட்டி உருண்டையை வைத்து, வேதியியல் தெரிந்த சகோதரரின் துணையோடு அதற்கேற்ற மையையும் தேடினார். 1938இல் காப்புரிமை. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் பால் பாயின்ட் பேனா விற்பனைக்கு வந்தபோது விலை 12.50 டாலர்! 1950இல் பிரான்ஸில் 'பிக் கிறிஸ்டல்' வந்த பிறகுதான் அது சாமானியன் பாக்கெட்டுக்கு வந்தது. இங்கே ரெனால்ட்ஸ் 045ஐ மறந்தவர்கள் என் வயதில் யாரும் இருக்க முடியாது.

பால் பாயின்ட் மை எண்ணெய்ப் பசை. ஒழுகாது, சிக்கனம். ஆனால் அழுத்தி எழுத வேண்டும். நாலு பக்கம் எழுதினால் விரல் வலிக்கும். தண்ணீர் மை வழுவழுவென்று ஓடும், ஆனால் ஒழுகும். இரண்டின் நல்ல குணத்தையும் ஒன்றாக்க முடியுமா என்ற கேள்விக்கு 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கண்ட பதில்தான் ஜெல் மை. சாந்தன் கம் என்ற பிசின்தான் அதன் சூட்சுமம். சும்மா இருக்கும்போது கூழாகக் கெட்டியாக இருக்கும். உருண்டை சுழன்று கலக்கியதும் நீர்த்து ஓடும். காகிதத்தில் இறங்கியதும் மறுபடி கெட்டியாகிவிடும். தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். 1990களின் இறுதியில் நம் ஊர்க் கடைகளிலும் ஜெல் பேனா பரவியது. (பைலட் வி5 ஜெல் பேனா என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. அதில் இருப்பது தண்ணீர் போன்ற திரவ மை.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெல் பேனாவில் இரண்டு ஜாதி. ஒன்று சாயம், இன்னொன்று நிறமி. சாயம் என்பது தண்ணீரில் கரைந்த சர்க்கரை மாதிரி. ஈரம் பட்டால் மறுபடி கரையும். நிறமி என்பது மிக நுண்ணிய தூள். காகித இழைகளுக்குள் சிக்கிக்கொண்டால் தண்ணீருக்கும் வராது, ஸ்பிரிட்டுக்கும் எளிதில் வராது. பால் பாயின்ட் சாயம் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் ஆல்கஹால், அசிட்டோனில் கரையும். செக்கில் பெயரையும் தொகையையும் மட்டும் கழுவி, கையெழுத்தை விட்டுவைக்கும் மோசடிக்கு இதுதான் மூலதனம்.

இதைவிடச் சுலபமான ஒரு வழியும் வந்தது. 2006இல் பைலட் கம்பெனி 'ஃப்ரிக்ஸியான்' என்ற பேனாவை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது. பின்பக்க ரப்பரால் தேய்த்தால் சூடாகி, சுமார் 60 டிகிரியில் எழுத்து மறையும். கிட்டத்தட்ட மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் எழுத்து திரும்பத் தலைகாட்டும்! மாணவர்களுக்கு நல்ல பேனா. செக்குக்கு எமன். இஸ்திரிப் பெட்டி போதும். ஏன், மே மாத வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டே போதும். கம்பெனியே பத்திரங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

இப்போது நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி. பி.காம். படித்தவர்களுக்கு 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஞாபகம் இருக்கும். 87ஆம் பிரிவின்படி முக்கியமான மாற்றம் செய்த செக் செல்லாது. ரொம்ப சரி. ஆனால் 89ஆம் பிரிவைப் படியுங்கள்: மாற்றியது பார்வைக்குத் தெரியாமல் இருந்து, வங்கி முறைப்படி பணம் கொடுத்துவிட்டால், அதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆக, தடம் இல்லாமல் அழியும் மையில் எழுதினால், கவலைப்பட வேண்டியவர் நீங்கள்தான்.

முன்பு செக்கைக் கையில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். 2008இல் டெல்லியிலும், 2011இல் சென்னையிலும் சி.டி.எஸ். வந்த பிறகு பணம் கொடுக்கும் வங்கிக்கு வருவது படம் மட்டுமே. படத்தைத் தடவ முடியாது. 2021 ஜனவரி முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட செக்குகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' வந்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் தயவுசெய்து பயன்படுத்துங்கள். வெளிர் நிற மையும் படத்தில் மங்கிவிடும் என்பதால் கறுப்பு அல்லது அடர் நீலம் நல்லது. கறுப்பு மையை ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டது என்று 2025இல் சுற்றிய செய்தி பொய்.

பேனாவை மட்டும் பார்த்தால் போதாது, காகிதமும் இருக்கிறது. நம் ஊரில் 'ரெண்டு குயர் நோட்டு' என்று வாங்குவோமே, குயர் என்றால் 24 தாள். மடித்தால் 96 பக்கம். இப்போது எல்லாம் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை கிராமில். ஏ4 தாள் என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. கடையில் சந்தேகம் வந்தால் தராசில் வைத்துப் பாருங்கள், ஏமாற்று தெரிந்துவிடும்!

ஆனால் எடை மட்டும் தரம் ஆகாது. மை ஊறாமல் இருக்க, காகிதம் செய்யும்போதே பசை ஏற்றுவார்கள். 1807இல் ஜெர்மனியின் இல்லிக், பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் சேர்த்து இதை மலிவாக்கினார். அந்த அமிலம்தான் பழைய புத்தகங்களை மஞ்சளாக்கி அப்பளம் போல் நொறுக்குகிறது. இன்று நல்ல எழுதுதாளில் அமிலம் இல்லாத பசை வந்துவிட்டது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் கரூர் மாவட்டத்து டி.என்.பி.எல். ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது 1984இல்தான். ஜெல் மையும் சக்கைத் தாளும் ஒரே வயது!

கடைசியாக, வாங்கும்போது நான் பார்ப்பவை:

தினசரி நோட்டுக்கு 0.5 அல்லது 0.7 முனை ஜெல். மெல்லிய தாளில் 0.7 பின்பக்கம் தெரியும், அங்கே 0.5 போதும். ஜெல் ரீஃபில் பால் பாயின்ட்டைவிடச் சீக்கிரம் தீரும். எனவே பேனா விலையைப் பார்க்காமல் ரீஃபில் விலையைப் பாருங்கள். இடது கைக்காரர்கள் சீக்கிரம் காயும் மையாகத் தேட வேண்டும்.

செக், உயில், பத்திரம் எல்லாவற்றுக்கும் நிறமி மை. ரீஃபிலில் ஐ.எஸ்.ஓ. 27668-2 என்று போட்டிருந்தால், அது ஆவணங்களுக்கான ஜெல் மைத் தரம். போட்டிருக்கவில்லையா? ஒரு வரி எழுதி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். எழுத்து நின்றால் பேனா பாஸ். அப்படியே பக்கத்தில் ஒரு வரி எழுதி, இஸ்திரிப் பெட்டியையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். செலவு இரண்டு வரி மைதான்.

அடுத்த முறை செக் எழுதும்போது நூலில் தொங்கும் பேனாவைத் தொடாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் நீட்டும் பேனாவையும் வாங்காதீர்கள். சொந்தப் பேனாவை எடுத்துப் போங்கள்.