முதுசமாக வந்த மனிதர்கள்

ஒரு சமூகத்தின் மனச்சாட்சியை அறிவதற்கு அதன் கவிதைகளோடு அதன் உறுதிகளையும் மரணசாசனங்களையும் படிக்கவேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. கவிதையிலே மனிதன் தான் விரும்பும் உலகைப் பாடுகிறான். மரணசாசனத்திலே தன்னிடம் உள்ளவற்றை எழுதிவைக்கிறான். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1799 ஜூலையில் தம் கைப்பட எழுதிய மரணசாசனம் அத்தகையதோர் ஆவணம். இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்தச் சாசனத்தை விளங்கிக்கொள்ள, முதலில் அவர் பிறந்த வேர்ஜீனியாவின் வழக்கை அறியவேண்டும். அது புகையிலையால் வாழ்ந்த நாடு. புகையிலை மண்ணின் வளத்தை விரைவில் உறிஞ்சிவிடும். ஆகவே புதிய காணியும் வேண்டும், அதைத் திருத்தக் கைகளும் வேண்டும். கைகள் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன. ஆங்கிலேயரின் பொதுச்சட்டப்படி பிள்ளை தந்தையின் நிலையையே பெறும். ஆனால் 1662இல் வேர்ஜீனியாவின் சட்டசபை அதனைத் தலைகீழாக்கியது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தை யாராக இருந்தாலென்ன! எசமானே தந்தையாயினும் அப்பிள்ளை அவனுடைய ஆதனக் கணக்கிலேயே சேர்ந்தது.

1705இல் மற்றொரு சட்டம் வந்தது. வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகள் காணியைப் போல அசையாச் சொத்தாகக் கருதப்படுவர் என்றது அது. காணி ஒருவருக்கும் அதில் உழைப்பவர் வேறொருவருக்கும் போய்விட்டால் பெருந்தோட்டம் குலைந்துவிடுமல்லவா? மூத்த மகனுக்கே காணி என்ற வழக்கும், தலைமுறை தலைமுறையாக விற்கமுடியாதபடி ஆதனத்தைக் கட்டிவைக்கும் முறையும் பெருங்குடும்பங்களைக் காத்தன. இவ்விரண்டையும் ஒழிக்க முன்னின்றவர் தோமஸ் ஜெபர்சன். பின்னையது 1776இலும், முன்னையது 1785இலும் சட்டத்தால் நீக்கப்பட்டன. எசமானின் பிள்ளைகளுக்குள் சமத்துவம் வந்தது. ஆனால் பங்கிடப்பட்ட சொத்தில் மனிதரும் இருந்தனர். அண்ணனும் தம்பியும் நீதியாகப் பங்குபிரித்தபோது, அடிமைக் குடிசையில் தாய் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் போகவேண்டி வந்தது.

இனி வாஷிங்டனின் கதைக்கு வருவோம். 1743இல் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 11. அந்த வயதிலேயே 10 அடிமைகள் அவருக்கு முதுசமாக வந்தனர். 1759இல் அவர் மார்த்தா என்ற இளங் கைம்பெண்ணை மணந்தார். மார்த்தாவின் முதற் கணவர் டானியல் பார்க் கஸ்டிஸ் பெருந்தோட்டக்காரர். 1757இல் மரணசாசனம் எழுதாமலே இறந்துபோனார். சட்டப்படி ஆதனத்தில் மூன்றிலொரு பங்கு மனைவிக்கு வந்தது. அந்தப் பங்கில் 84 அடிமைகள் இருந்தனர்.

ஆனால் அது முழு உரிமையன்று. நமது உறுதிகளிலே "சீவிய உருத்து" என்று எழுதுவார்களே, அதுபோன்றது. உயிருள்ளவரை அனுபவிக்கலாம்; விற்கவோ விடுதலை செய்யவோ முடியாது. அவர் கண்மூடியபின் முதற் கணவரின் வழித்தோன்றல்களுக்கே அது சேரும். அந்த 84 பேரில் உள்ள பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அவ்வாறே.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 1799இல் வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் தோட்டங்களில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் கஸ்டிஸ் ஆதனத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியோர் பிறரிடமிருந்து கூலிக்கு எடுக்கப்பட்டவர்கள். ஆனால் மனித மனம் ஆதனக் கணக்கைப் பார்த்தா காதலிக்கிறது? இரு பகுதியினரும் தமக்குள் மணந்து பிள்ளைகள் பெற்றிருந்தனர். தச்சன் ஐசாக் வாஷிங்டனுக்குரியவன். அவன் மனைவி கிற்றி கஸ்டிஸ் ஆதனத்தவள். ஆகவே அவர்களின் பெண்மக்களும் கஸ்டிஸ் ஆதனத்தவரே.

வாஷிங்டன் தம் சாசனத்தில், தமக்குரியவர்கள் மனைவியின் மரணத்தின்பின் விடுதலை பெறவேண்டும் என எழுதினார். முதியோரைப் பராமரிக்கவும், ஆதரவற்ற சிறுவருக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கவும் பணித்தார். கஸ்டிஸ் ஆதனத்தவரை விடுவிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்பதையும், கலந்து மணந்த குடும்பங்கள் பிரியும் துயரத்தையும் அவரே குறிப்பிட்டுள்ளார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் இறந்தார். தம் சாவை எதிர்பார்த்து 123 பேர் காத்திருக்கும் வீட்டில் வாழ மார்த்தா அஞ்சினார். 1801 ஜனவரி முதலாந் திகதியே அவர்களை விடுவித்தார். 1802இல் அவர் காலமானதும் கஸ்டிஸ் ஆதனத்து அடிமைகள் அவருடைய நான்கு பேரப்பிள்ளைகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். ஐசாக் சுதந்திர மனிதன். கிற்றியோ பங்கிடப்பட்ட முதுசம்.

சட்டம் கைகளைக் கட்டியது என்று வாஷிங்டனுக்காக வாதிடுவோர் உளர். 153 பேரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் 123 பேர்? எசமான் விரும்பினால் அடிமையை விடுவிக்கலாம் என்ற சட்டம் வேர்ஜீனியாவில் 1782இலேயே வந்துவிட்டது. பதினேழு ஆண்டுகள் அவர் காத்திருந்தார். அதே வேர்ஜீனியாவில் றொபேட் காட்டர் என்ற பெருந்தோட்டக்காரர், பாட்டன் வழியாக வந்த பெருஞ்செல்வத்துக்கு உரியவர், 1791இல் 450க்கு மேற்பட்ட அடிமைகளின் பெயர்களை எழுதி, படிப்படியாக விடுவிக்கும் உறுதியொன்றை நீதிமன்றில் ஒப்படைத்தார். அயலவர் சினந்தனர், அவர் தளரவில்லை. செய்ய மனமிருந்தவருக்கு வழியும் இருந்தது என்பதற்கு அவரே சாட்சி.

சாசனத்தை எதிர்பாராமல் தன் வழியைத் தானே தேடியவளும் உண்டு. ஓனா ஜட்ஜ் மார்த்தாவின் பணிப்பெண். தந்தை வெள்ளைக்காரத் தையற்காரர். ஆனாலும் தாய் கஸ்டிஸ் ஆதனத்து அடிமை. தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து, 1796இல் பிலடெல்பியாவிலிருந்த ஜனாதிபதியின் இல்லத்திலிருந்து தப்பி நியூ ஹாம்ஷயருக்குச் சென்றாள். வாஷிங்டன் ஆட்களை விட்டு அவளைத் திரும்பக் கொண்டுவர முயன்றார், அவள் வரவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் ஓடிப்போன அடிமையே. அவள் பெற்ற பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்தே.

1799இல் வாஷிங்டன் ஆயத்தஞ்செய்த அடிமைகளின் பெயர்ப்பட்டியல் இன்றும் உள்ளது. யார் எவருக்குச் சொந்தம், யார் யாருடைய கணவன், மனைவி என்றெல்லாம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. ஆதனக் கணக்குக்காக எழுதப்பட்ட அந்த ஏட்டில்தான் அவர்களின் சந்ததியார் இப்போது தம் பாட்டனையும் பாட்டியையும் தேடிக் கண்டடைகின்றனர். பங்கீட்டுக்காக எழுதப்பட்ட பெயர்கள் ஒரு குடும்பத்தின் வரலாறாக மீள்கின்றன. அந்தப் பட்டியலையும் ஓர் இலக்கியமாகவே நான் படிக்கிறேன், நேயர்களே.