விவிலியத்தில் இறைவாக்குறுதியும் தலைமுறைத் தண்டனையும்

விவிலியத்தில் இறைவாக்குறுதியும் தலைமுறைத் தண்டனையும் என்பது, எபிரேய மறைநூலிலும் கிறித்தவப் புதிய ஏற்பாட்டிலும் கடவுளின் வாக்குறுதி, தண்டனை ஆகியவை குறித்துக் காணப்படும், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் கூற்றுகளைப் பற்றியதாகும். பெற்றோரின் பாவத்திற்குப் பிள்ளைகள் தண்டிக்கப்படுவார்களா, கடவுள் கொடுத்த வாக்கு மாறுமா என்னும் இரு கேள்விகள் இவற்றுள் முதன்மையானவை.

தந்தையின் குற்றமும் பிள்ளையும்

பத்துக் கட்டளைகள் இடம்பெறும் விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20ஆம் அதிகாரம், தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளைத் தொடரும் என்கிறது. இணைச் சட்டம் (உபாகமம்) 24:16 இதற்கு எதிராக, பெற்றோருக்காகப் பிள்ளைகளோ பிள்ளைகளுக்காகப் பெற்றோரோ கொல்லப்படலாகாது என விதிக்கிறது. முன்னது கடவுளின் செயலையும் பின்னது மனித நீதிமன்றத்தையும் குறிப்பதாகக் கொண்டால் முரண் இல்லை என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் விளக்கம். யூதாவின் அரசன் அமட்சியா, தன் தந்தையைக் கொன்றவர்களைக் கொன்றபோதும் அவர்களின் பிள்ளைகளை விட்டுவிட்டதை 2 அரசர் 14:6 இச்சட்டத்தைக் காட்டியே பதிவு செய்கிறது.

ஆயினும் இவ்விளக்கம் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்திற்குப் பொருந்தாது. அங்குப் பேசப்படுவது கடவுளின் தண்டனையே. கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுள் எசேக்கியேலும் ஒருவர். பெற்றோர் தின்ற புளிப்புக்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்னும் பொருள்பட்ட பழமொழி ஒன்று அக்காலத்து மக்களிடையே வழங்கியது. முன்னோர் செய்த பிழைக்குத் தாங்கள் அடிமைப்பட்டுக் கிடக்கிறோம் என்பதே அதன் குறிப்பு. அப்பழமொழியை இனி எவரும் சொல்லலாகாது, பாவம் செய்தவரே அதற்குரிய சாவை அடைவார் என்று எசேக்கியேல் அறிவித்தார். எரேமியா 31ஆம் அதிகாரமும் அதே பழமொழியை மறுக்கிறது. ஆனால் புலம்பல் 5:7 அப்பழமொழியின் கருத்தையே சொல்லி அழுகிறது. நாட்டை இழந்த ஒரே தலைமுறைக்குள் நடந்த வாக்குவாதம் இது எனலாம்.

யூத அறிஞர்கள் இம்முரணை மறைக்கவில்லை. பாபிலோனியத் தல்மூதின் மக்கோத் பகுதி (24அ), மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து நீக்கினார் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சன்கெத்ரின் பகுதி (27ஆ), தந்தையரின் தீச்செயலைத் தாமும் பற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கே தலைமுறைத் தண்டனை பொருந்தும் எனச் சுருக்குகிறது.

புதிய ஏற்பாட்டில் யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள் இது யார் செய்த பாவம், இவனதா பெற்றோரதா என வினவுகின்றனர். இயேசு இரண்டையும் மறுக்கிறார். முன்வினைப் பயன் என்னும் கருத்தில் வளர்ந்த தமிழ் வாசகருக்குச் சீடர்களின் கேள்வி புதிதாக இராது. எனினும், ஆதாமின் பாவம் எல்லாரையும் பற்றியது என்னும் உரோமையர் 5ஆம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு அகுஸ்தீனார் (354–430) பிறப்புநிலைப் பாவக் கோட்பாட்டை வளர்த்தபோது, பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பியது.

மாறும் வாக்கு, மாறா வாக்கு

தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என்று 2 சாமுவேல் 7 நிபந்தனையின்றி உறுதி கூறுகிறது. 1 அரசர் 9 அதே வாக்கைக் கீழ்ப்படிதலுக்கு உட்படுத்துகிறது. கி.மு. 586 அளவில் எருசலேம் வீழ்ந்து அவ்வரச மரபின் ஆட்சி முடிந்தது. வாக்கு என்னவாயிற்று என்று திருப்பாடல் (சங்கீதம்) 89 கடவுளிடமே முறையிடுகிறது. அதற்கு அப்பாடலில் விடை இல்லை. கிறித்தவர்கள் இவ்வாக்கு இயேசுவில் நிறைவேறியதாகக் கொள்கின்றனர். யூதர்கள் வரவிருக்கும் மெசியாவை எதிர்நோக்குகின்றனர்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் இச்சிக்கல் ஒரே பக்கத்தில் காணப்படுகிறது. சவுலை அரசனாக்கியதற்காகக் கடவுள் வருந்தியதாக 11ஆம், 35ஆம் வசனங்கள் கூற, அவர் வருந்துபவர் அல்லர் என்கிறது 29ஆம் வசனம். மூன்றிலும் எபிரேயச் சொல் ஒன்றே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் மூன்றிலும் "மனஸ்தாபம்" என்ற சொல்லையே ஆண்டு, முரணை மூடாமல் விட்டுள்ளது. (இன்று அச்சொல் இருவருக்கிடையிலான பிணக்கையே பெரிதும் குறிப்பதால் வாசிப்போர் மயங்க வாய்ப்புண்டு.) அழிவு வரும் என எச்சரிக்கப்பட்ட நினிவே மனந்திரும்பியதும் தண்டனை கைவிடப்பட்டதை யோனா நூல் சொல்கிறது. எரேமியா 18 இதைப் பொது விதியாகவே முன்வைக்கிறது.

தமிழ்ச் சூழலில்

இத்தகைய பகுதிகளை வாசகர் தாமே படித்துத் தெளியலாமா, திருச்சபையின் விளக்கம் வேண்டுமா என்பது தமிழகத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே வழக்காக எழுந்தது. தரங்கம்பாடி லுத்தரன் மறைப்பணியாளர்கள் மறைநூல் ஒன்றே போதும் என்று கருதி, சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தனர். பாடாலூருக்குத் தென்கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (பிறப்பு 1680), லுத்தரன் சபையினரை மறுத்து வேத விளக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில் கேள்வி சபைகளுக்கு வெளியிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர் (1822–1879), அவ்வாறு பெற்ற விவிலியப் பயிற்சியைக் கொண்டே 1854இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவத்தைப் பழித்த மறைப்பணியாளர்களுக்கு அவர்களது மறைநூலிலிருந்தே சான்று காட்டி அந்நூல் விடையளித்தது.