செக்ரோலில் இல்லாத வயது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆண்களும் வாசியுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

போன தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டில் இருக்கிற மூத்த பெண் ஒருவரிடம் பேசி, அவருடைய வாழ்க்கையை ஒரு காலக்கோடாக வரைந்து வர வேண்டும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசி தோட்டத்துப் பிள்ளைகள், மீதி டவுன் கடை வீட்டுப் பிள்ளைகள். வந்த காலக்கோடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. பிறந்த வருடம், வயதுக்கு வந்த வருடம், பேர் பதிந்த வருடம், கல்யாணம், பிள்ளைகள், பிரஜாவுரிமை கிடைத்த வருடம், ஆப்பரேஷன் செய்த வருடம், ஈ.பி.எஃப். காசு எடுத்த வருடம்.

ஒரு பிள்ளையின் கோட்டில் மட்டும் நடுவில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. பக்கத்தில், "அம்மாயிக்கு நின்ன வருசம்."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "அம்மாயிதான் டீச்சர் எழுதச் சொன்னாங்க. அது நின்ன வருசத்துலருந்துதான் ஒடம்பு நம்ம சொல்லக் கேக்கல, அதையும் எழுதிக்கன்னாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "இது வரலாறா டீச்சர்?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எங்களுக்கு வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது மாதவிடாய் எப்படித் தொடங்குகிறது என்று படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சையும் எழுதியவர்கள்தான் நாங்கள். அது எப்படி முடிகிறது என்று அங்கே யாரும் ஒரு வரி சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் தேடிப் படித்தோம். படித்ததை இங்கேயும் எழுதி வைக்கிறோம்.

தோட்டத்துப் பெண்ணின் உடம்பைப் பற்றி இந்த மலைநாட்டில் எழுதிவைக்கப்பட்ட கணக்குகளுக்குக் குறைவே இல்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பிக்கு இலை நோய் வந்தது, பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து போகும் ஆட்கள் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்கக் கை வேண்டும், அதனால் குடும்பமாக வந்து லயத்தில் குடியிருக்க வேண்டியதாயிற்று. கொழுந்துக் கூடை பெண்ணின் தலைக்கு வந்தது அப்படித்தான். அன்றிலிருந்து செக்ரோலில் அவள் பேர் இருக்கிறது. முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை இறாத்தல், பின்னர் எத்தனை கிலோ, எல்லாம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்து 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று நிர்ணயித்தார்கள். அந்த வித்தியாசம் போக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

வைத்தியக் கணக்கும் உண்டு. தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872இலேயே ஒரு சட்டம், 1912இல் இன்னொன்று. 1916இல் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையோடு ரொக்பெல்லர் நிறுவனத்தார் வந்தார்கள். மலத்தைப் பரிசோதித்தார்கள், இரத்தசோகையைப் பேசினார்கள். 1939இல் பிரசவச் சகாயச் சட்டம் வந்தது. 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் காசும் கொடுத்தது, எத்தனை பேர் செய்துகொண்டார்கள் என்று பதிந்தும் வைத்தது. கொழுந்து, கர்ப்பம், பிரசவம், ஆப்பரேஷன். இவ்வளவுக்கும் புத்தகம் இருந்தது. பிள்ளை பெறுவது முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த வயது எட்டிப் பார்க்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் காசை எடுக்கலாம் என்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45க்கும் 55க்கும் இடையில். சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருப்பார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளின் அம்மாயிகளுக்கு இரண்டும் கிட்டக்கிட்டத்தான் வந்திருக்கின்றன. உடம்பு மாறுகிற அதே காலத்தில் கைக்குக் கொஞ்சம் காசு வருகிறது. அது மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ போகிறது. பலர் மறுபடியும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள்.

வெளியுலகிலும் இந்தக் கதை நேராகப் போகவில்லை. 'மெனோபாஸ்' என்ற சொல்லையே 1821இல் கார்தான் என்ற பிரெஞ்சு வைத்தியர்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்பே குர்ஆனின் தலாக் அத்தியாயம் மாதவிடாய் நின்ற பெண்ணின் இத்தாவுக்கு மூன்று மாதம் என்று தனிக் கணக்குச் சொல்லிவிட்டது. ஓதத் தெரிந்த எங்கள் வீட்டுப் பெண்களே அந்த இடத்தை நின்று யோசித்ததில்லை. நாங்களும்தான்.

1942இல் அமெரிக்காவில், சினைப்பட்ட குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஓமோனை மாத்திரையாக விற்றார்கள். 1966இல் ரொபர்ட் வில்சன் என்ற வைத்தியர் ஒரு புத்தகம் எழுதி, இது குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் என்றைக்கும் பெண்ணாக இருக்கலாம் என்றார். அமோக விற்பனை. 2002இல் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றைப் பாதியில் நிறுத்தினார்கள், மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுகின்றன என்று. உலகமே மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தார்கள். 60 வயதுக்குள், கடுமையான தொல்லை உள்ளவர்களுக்கு, வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் பலருக்கு நன்மையே கூட என்பது இன்றைய நிலை. யாருக்குக் கூடாது என்பதையும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பார்மசியில் பெயர் சொல்லி வாங்குகிற சாமான் அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1970களில் மார்ஷா பிளின்ட் என்ற ஆய்வாளர் வட இந்தியாவின் ராஜபுத்திரப் பெண்களிடம் கேட்டபோது, பலர் பெரிய குறை சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகுதான் அவர்களுக்குத் திரைக்கு வெளியே வந்து நாலு பேரோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது. இது எங்களுக்குப் புதிதாகப் படவில்லை. தீட்டு நின்றால் கோயில் வேலைக்கு நாள் பார்க்க வேண்டாம் என்று லயத்துப் பெண்கள் சொல்வார்கள். நோன்பில் ஒரு நாளும் விடுபடாமல் முப்பதையும் பிடித்த ரமழானை எங்கள் உம்மா பெருமையாகச் சொல்வார். நிம்மதி உண்மைதான். அந்த நிம்மதியின் பின்னால் மற்றதெல்லாம் பேசப்படாமல் போய்விடுகிறது.

மற்றது என்றால் என்ன? சூலகம் ஈஸ்ட்ரோஜன் ஓமோன் சுரப்பதைக் குறைக்கிறது. ஒரே நாளில் அல்ல, நாலைந்து வருடமாக இழுத்து, ஏறி இறங்கி. மாதவிடாய் முன்னே பின்னே வரும், சிலருக்கு அடைமழை போலக் கொட்டும். மூளையில் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்கிற பகுதி குழம்பிப்போய், தேவையில்லாமல் சூட்டை வெளியே தள்ளும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். விடியற்காலைப் பிரட்டில் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்துகிற நேரத்தில், ஒருத்தி மட்டும் முகம் சிவந்து முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றால் அதுதான் இது. "காய்ச்சலா இருக்கும்" என்று ஒரு பெனடோல் கிடைக்கும். இரவில் வியர்வையில் நனைந்து எழும்புவது, தூக்கம் கெடுவது, அதனால் வரும் எரிச்சல், மறதி. "சுள்ளுன்னு விழுறா" என்று வீட்டில் சொல்வார்கள். மூட்டு நோவு. உறவின்போது வலி, அதை யாரிடமும் சொல்ல முடியாது. சிறுநீர் அடக்க முடியாமை.

கடைசியாகச் சொன்னதையும் அடைமழையையும் கொழுந்து மலையில் வைத்துப் பாருங்கள். மலையில் கக்கூஸ் இல்லை. இடுப்பில் கட்டிய படங்கு ஈரம், தலையில் கூடைக் கயிறு, நிறுவை குறைந்தால் அரைப் பேர். கொட்டுகிற இரத்தத்தோடு, ஏற்கனவே இரத்தசோகை உள்ள உடம்பு அந்த மேட்டில் ஏறுகிறது. "வேல செய்ய முடியாம நடிக்கிறா" என்ற சொல்லைக் கேட்ட பெண்கள் எங்கள் காலக்கோடுகளில் மூன்று பேர்.

ஒரு தப்பான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லயங்களில் நாற்பதுக்கு மேல் எந்த நோவு வந்தாலும், "ஆப்பரேஷன் செஞ்சதுலருந்துதான்" என்பார்கள். எல்.ஆர்.டி. செய்யும்போது குழாயைத்தான் அடைக்கிறார்கள். சூலகம் அப்படியே இருக்கிறது, ஓமோன் நிற்காது. இரண்டு சூலகத்தையும் எடுத்தால்தான் உடனே மாற்றம் தொடங்கும். பெண்களுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமும் இல்லை. எதற்குச் செய்கிறோம், பிறகு என்ன நடக்கும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தான் பலருக்கு அந்த ஆப்பரேஷன் நடக்கவில்லையே.

எலும்பும் இந்தக் காலத்தில்தான் வேகமாகத் தேய்கிறது, முதல் சில வருடங்களில் அதிகம். சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு, மழை மேல் பழி போட்டு விட்டுவிடுகிறோம். 1946இல் இந்த நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுள் 42 வருடத்துக்குக் கிட்ட. இன்று 80ஐ நெருங்குகிறது. பழைய சராசரியை இழுத்தது சிசு மரணம், அப்போதும் கிழவிகள் இருந்தார்கள்தான். என்றாலும் நின்ற பிறகு முப்பது வருடம் வாழ்வது இவ்வளவு பேருக்கு வாய்த்தது இந்த இரண்டு மூன்று தலைமுறைக்குத்தான். வெளிநாட்டுக்குப் போன மகளின் பிள்ளைகளை வளர்ப்பது அந்த முப்பது வருடத்துக்காரர்கள்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. மாமிக்கு நின்று இரண்டரை வருடத்துக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் பட்டது. ஹைழ் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தொழுகையை விட்டார், ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கம். ஏழு மாதம். முஸல்லா விரிக்காததைப் பார்த்துச் சின்ன மகள்தான் கேட்டாள். முதலில் போன இடத்தில் "வயசுக் கோளாறு" என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு கண்டியில் பார்த்தபோது கர்ப்பப்பையில் புற்றுநோய். எடுத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ், பரவாமல் இருந்தது. நேற்றும் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். இதை எழுத அவரிடம் கேட்டோம், "பேரைப் போடாம எழுது, ஆனா எழுது" என்றார்.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் அது மாதவிடாய் அல்ல. பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 'வெல் வுமன்' என்று கேட்டாலும் காட்டுவார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் இலவசம். எம்.ஓ.எச். அலுவலகத்தில் அல்லது உங்கள் பகுதி மிட்வைபிடம் நாள் கேட்கலாம். வேலை நாளில்தான் வைப்பார்கள், போனால் ஒரு பேர் போகும். அதுதான் தோட்டத்துப் பெண்கள் வராததற்குக் காரணமே தவிர அறியாமை அல்ல. இதைத் தோட்டக் கமிட்டிகளில் இருக்கிறவர்கள் பேசினால் நல்லது, எங்கள் நட்பு வட்டத்தில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அடுத்த வாரம் வகுப்பில் பதில் சொன்னோம், இதில் பாதியையாவது. சிரித்த பின்வரிசை அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் காலக்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த ஒரு புள்ளியையும் கேட்டு வந்தார்கள். இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருக்குப் பதில் கிடைத்தது. நாலு பேருக்கு ஏச்சு. மூன்று ஆண் பிள்ளைகள் கேட்கவே இல்லையாம். அதில் ஒருவனின் காலக்கோட்டில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது, அது அவன் அப்பாயியின் கையெழுத்து.